தெளிகனவில் பயிற்சி: தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் தொடங்குவது எப்படி?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'அட, இது கனவு' என்று தெரிந்துபோவது உங்களுக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கலாம். அதுவரை வெளியான பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த கணக்கின்படி, சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. மாதம் ஒன்றாவது வருகிறது என்பவர்கள் சுமார் 23 சதவீதம். இந்தக் கட்டுரையில் இதைத் தெளிகனவு என்கிறேன். தேடிப் படிக்க நினைப்பவர்கள் லூசிட் ட்ரீம் என்ற பெயரில் தேடினால் நிறையக் கிடைக்கும்.

கிடைப்பதில் பெரும்பகுதி கனவுக்குள் விழித்துக்கொள்வது எப்படி என்பதோடு நின்றுவிடும். அப்புறம் பறக்கலாம், சுவருக்குள் புகுந்து போகலாம் என்று முடித்துவிடுவார்கள். அங்கே போய் ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்டு வருவது வேறு கலை. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். உதாரணத்துக்கு ஷட்டில் ஆட்டத்தின் ஷார்ட் சர்வீஸை, அதாவது பந்து நெட்டை ஒட்டித் தாண்டிப் பக்கத்திலேயே விழும்படி போடும் சர்வீஸை, எடுத்துக்கொள்கிறேன். சின்ன அசைவு, தனியாகப் பழகலாம், சரியா தவறா என்று எண்ணிவிடலாம். உங்கள் திறமை வேறாக இருந்தால் அந்த இடத்தில் அதைப் போட்டுப் படியுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அளவில் சிறியது.

கனவு மிகுந்த தூக்கத்தை ரெம் தூக்கம் என்கிறார்கள். அந்த நேரத்தில் கைகால் தசைகளை மூளை கிட்டத்தட்ட முடக்கி வைத்திருக்கும். கண்கள் மட்டும் அசையும். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இதையே ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டார். கனவு என்று தெரிந்தவுடன் கண்ணை இடமும் வலமுமாகத் திருப்பு என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். வோர்ஸ்லி தூங்கிக்கொண்டிருந்தார், கருவியில் அந்தச் சைகை பதிவானது. சில வருடங்கள் கழித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபார்ஜ் தனியாக இதையே செய்து காட்டினார். 2021-ல் அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தூங்கிக்கொண்டிருப்பவரிடம் எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அவர் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொல்கிறார்.

திறமைப் பயிற்சி என்று வந்தால் டேனியல் எர்லாஹர், மிக்கேல் ஷ்ரெடல் என்ற இரண்டு ஆய்வாளர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 2010-ல் அவர்கள் வெளியிட்ட சோதனை மிகவும் சாதாரணமானது: தள்ளி வைத்த கோப்பைக்குள் நாணயத்தை வீச வேண்டும், 20 முறை. மாலையில் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை. இடையில் ஒரு குழுவினர் தெளிகனவில் அதையே பழக வேண்டும். அந்த 20 பேரில் 7 பேருக்குத்தான் முடிந்தது. அந்த 7 பேரின் சராசரி 3.7-லிருந்து 5.3-ஆக உயர்ந்தது. முயன்றும் கனவில் பழக முடியாமல் போனவர்களுக்கு அப்படி ஒரு முன்னேற்றம் இல்லை.

2016-ல் இதே வட்டத்தில் தாதாஸ் ஸ்டம்பிரிஸ் தலைமையில் இன்னொன்று. விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டும் வேலை. கையால் பழகியவர்கள் 17 சதவீதம், விழித்திருந்து மனதுக்குள் பழகியவர்கள் 12 சதவீதம், தெளிகனவில் பழகியவர்கள் 20 சதவீதம் முன்னேறினார்கள். கனவுதான் முதலிடம் என்று இதை வைத்து விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். மூன்று குழுக்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. மூன்றுமே பலன் தந்தன என்பது மட்டும்தான் உறுதி.

காரணமும் ஓரளவு புரிந்திருக்கிறது. தெளிகனவில் கையை மூடித் திறந்த ஒருவரின் மூளையை ஸ்கேன் செய்தபோது, விழித்திருந்து கையை அசைத்தால் எந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதி வேலை செய்ததை ஜெர்மனியில் மார்ட்டின் ட்ரெஸ்லர் குழு 2011-ல் காட்டியது. கனவில் உட்கார்ந்து எழுந்து உடற்பயிற்சி செய்தால், படுத்துக்கிடக்கும் உடலின் இதயத் துடிப்பு ஏறுகிறது. தசைக்குப் போகும் கட்டளை கழுத்துக்குக் கீழே தடுக்கப்படுகிறதே தவிர, கட்டளை போடும் இடம் சும்மா இருப்பதில்லை.

யார் இதைத் தொட வேண்டாம்

தூக்கமின்மைக்கு மருந்து எடுப்பவர்கள், மனச்சிதைவு போன்ற நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், எது நிஜம் எது கனவு என்ற குழப்பம் பகலிலேயே வருகிறவர்கள், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், அடுத்த வாரம் பரீட்சை இருப்பவர்கள் தள்ளிப்போடுங்கள். இரவில் ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவர் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். உங்கள் ஆட்டமோ வாசிப்போ அதில்தான் அதிகம் தேறும்.

சும்மா சொல்லவில்லை. 2002-ல் ஹார்வர்டில் மாத்யூ வாக்கர் குழு செய்த விரல் தட்டும் சோதனையில், மேற்கொண்டு எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒரு இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் 20 சதவீதம் கூடியது. கனவிலும் அவர்கள் எதையும் பழகவில்லை. அந்த முன்னேற்றம் பின்னிரவில், குறிப்பாக இரவின் கடைசிக் கால் பகுதியில் வரும் ஒருவகைத் தூக்கத்தோடு சேர்ந்து போனது. தெளிகனவுக்காக நாம் எழுந்திருக்கப்போவதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். ஒரு பக்கம் பயிற்சி செய்கிறேன் என்று சொல்லி, மறுபக்கம் பகல் பயிற்சி மூளையில் படியும் நேரத்தை வெட்டிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் எல்லைக்கோடு: தூக்கத்தின் மொத்த நேரம் குறையக் கூடாது.

படி 1: எதைப் பழகுவது என்று முடிவு செய்யுங்கள்

கை ஓரளவு அறிந்த ஒன்றாக அது இருக்க வேண்டும். ராக்கெட்டையே பிடித்திராதவர் கனவில் சர்வீஸ் கற்றுக்கொள்ள முடியாது. தப்பைத் திருத்த அங்கே யாரும் இல்லை. கனவில் உங்கள் மூளைதான் ஆட்டக்காரர், அதுவேதான் நடுவர். தெரியாததை அது கற்பனையாக நிரப்பிவிடும், நீங்களும் பிரமாதம் என்று நம்பிவிடுவீர்கள்.

சிறியதாகவும் இருக்க வேண்டும். 'ஷட்டில் பழகுகிறேன்' என்பது கனவுக்கு மிகப் பெரிது. 'பேக்ஹேண்ட் ஷார்ட் சர்வீஸில் கட்டைவிரல் அழுத்தம்' என்பது சரியான அளவு. நீச்சலில் ஒரு கை வீச்சு, வீணையில் ஒரு கமகம், கீபோர்டில் விரல் மாறும் ஒரு இடம், கேரமில் ஒரே ஒரு கட், மேடையில் பேசத் தொடங்கும் முதல் மூன்று வாக்கியங்கள். இந்த அளவில் யோசியுங்கள்.

பாடம் மனப்பாடம் செய்வது, சூத்திரம் படிப்பது, புது மொழியில் சொற்களைச் சேர்ப்பது இதற்கு ஒத்துவராது. கனவில் எழுத்து ஓரிடத்தில் நிற்காது. ஒரு வரியைப் படித்துவிட்டுக் கண்ணை எடுத்து மறுபடி பார்த்தால் வேறு ஏதோ எழுதியிருக்கும். அந்தப் புத்தகத்தை நம்பி என்ன படிப்பது?

வேகம் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தெளிகனவில் நடப்பது, உட்கார்ந்து எழுவது போன்ற அசைவுகளுக்கு விழிப்பில் ஆவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. எர்லாஹரின் ஒரு சோதனையில் உட்கார்ந்து எழுவதற்கு ஆன நேரம் சுமார் 40 சதவீதம் கூடியது. அதே சமயம், அசைவின் உறுப்புகளுக்கு நடுவே உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. மத்திம காலத்தில் வாசிப்பதை விளம்ப காலத்தில் வாசிப்பது மாதிரி. ஆகவே வடிவத்தைப் பழகக் கனவு உதவும், துல்லியமான வேகத்தைப் பழக உதவாது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் வைத்துப் பழகும் எதையும் பகலுக்கே விட்டுவிடுங்கள்.

படி 2: கனவை நினைவில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'எனக்குக் கனவே வராது' என்று சொல்பவர்களுக்கும் வருகிறது. நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். விழிப்பு வந்ததும் புரண்டு படுக்காமல், கண்ணைத் திறக்காமல், இப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். முகம், இடம், ஒரு உணர்ச்சி, எது கிடைத்தாலும் எழுதுங்கள். ஒரு வார்த்தை கிடைத்தால் ஒரு வார்த்தை. போனில் குரல் பதிவு செய்யலாம், ஆனால் போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் பார்க்காமல் வைக்கிற ஆள் நீங்கள் இல்லை என்றால் நோட்டே நல்லது.

இரண்டு மூன்று வாரத்தில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகள் தெரிய ஆரம்பிக்கும். எப்போதோ முடித்த பள்ளிப் பரீட்சைக்குப் படிக்காமல் போய் உட்காருவது, ஓட முயன்றால் கால் நகராதது, இறந்துபோன தாத்தா சாதாரணமாகக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது. இவை உங்கள் கனவின் அடையாளங்கள். நான்காம் படியில் இவைதான் கைகொடுக்கும், அதனால் அடிக்கோடு போட்டு வையுங்கள். நினைவு வராத நிலையில் தெளிகனவுக்கு அவசரப்படுவது வீண். கனவில் அருமையாகப் பயிற்சி செய்துவிட்டு அதையே மறந்துவிட்டால் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

படி 3: பகலில் சோதித்துப் பாருங்கள்

மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். நிஜத்தில் மூச்சு வராது. கனவில் பெரும்பாலும் வந்துவிடும். அல்லது ஒரு கடைப் பலகையைப் படித்து, வேறு பக்கம் பார்த்து, மறுபடி படியுங்கள். இதைப் பகலில் சில முறை செய்து பழக்கினால் கனவிலும் செய்வீர்கள் என்பது யோசனை.

செய்கையைவிடக் கேள்வி முக்கியம். ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலி வலியுறுத்தியதும் அதைத்தான்: 'நான் இப்போது கனவில் இருக்கிறேனா?' என்று உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டும். எப்படி இங்கே வந்தேன், ஐந்து நிமிடம் முன்னால் எங்கே இருந்தேன் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து சும்மா மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்காருவார், வேறொன்றும் நடக்காது.

இந்தப் படியை மட்டும் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி செய்த ஆய்வுகளில், பகல் சோதனை தனியாக நின்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அடுத்த படியோடு சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது.

படி 4: பின்னிரவில் எழுந்து, நினைவை விதைத்துவிட்டு, மறுபடி தூங்குங்கள்

அடிப்படை இதுதான். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவில் ரெம் பகுதி சில நிமிடங்களே இருக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே முதல் ஐந்து மணி நேரத்தைத் தொடவே கூடாது.

பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு அலாரம். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீடு என்றால் சத்தமில்லாமல் அதிரும் கைக்கடிகாரம் நல்லது; மூன்று மணிக்கு வீட்டையே எழுப்பி 'கனவு காணப்போகிறேன்' என்று விளக்கம் சொல்வது கஷ்டம். எழுந்ததும் ஐந்து, பத்து நிமிடம் விழித்திருங்கள். மங்கலான வெளிச்சம் போதும். இப்போது வந்த கனவை எழுதுங்கள். பிறகு படுத்துக்கொண்டு, லபார்ஜ் வகுத்த முறையைச் செய்யுங்கள்:

'அடுத்து கனவு வரும்போது, அது கனவு என்பது எனக்கு நினைவு வரும்' என்று மனதுக்குள் சொல்லுங்கள், அர்த்தத்தோடு. சொல்லிக்கொண்டே, சற்றுமுன் வந்த கனவுக்குள் மறுபடி போங்கள். தாத்தா பேப்பர் படிக்கும் இடம் வருகிறதா? அங்கே நில்லுங்கள். 'தாத்தா இருக்கிறாரே, அப்படியானால் இது கனவு' என்று தெரிந்துகொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். உடனே திரும்பி வெளியே போய், ராக்கெட்டைக் கையில் எடுப்பதாகப் பாருங்கள். இதை நாலைந்து தடவை ஓட்டிவிட்டு அப்படியே தூக்கத்தில் விழுங்கள்.

எவ்வளவு சீக்கிரம் மறுபடி தூங்குகிறீர்கள் என்பது நிறையத் தீர்மானிக்கிறது. ஆஸ்பியின் 2017 ஆய்வில், பகல் சோதனை, பின்னிரவு எழுச்சி, இந்த நினைவு முறை மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் சுமார் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. முறையை முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போன சந்தர்ப்பங்களில் அது 46 சதவீதம். எனவே விழித்திருக்கும் நேரத்தை நீட்டாதீர்கள். காபி வேண்டாம், முகம் கழுவ வேண்டாம்.

வாரத்துக்கு ஒருநாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், மறுநாள் காலை தாமதமாக எழ முடிகிற இரவுகளில் மட்டும். மூன்று மணிக்கு எழுந்து பத்து நிமிடம் போனால் அந்தப் பத்து நிமிடத்தைக் காலையில் திருப்பித் தர வேண்டும். அதிகாலை நாலரைக்கு எழுந்து சாதகம் செய்யும் பாட்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதகமும் இதுவும் ஒரே இரவில் வேண்டாம். எதை விடுவது என்றால் இதை விடுங்கள்.

படி 5: படுக்கும் முன் பயிற்சித் திட்டம்

மாலையில் நிஜமாகவே ஆடுங்கள். ஷார்ட் சர்வீஸ் 20 போடுங்கள். நெட்டின் நடுப்பகுதி 1.524 மீட்டர் உயரம். எதிர்ப்பக்கம் ஷார்ட் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டர். நெட்டை உரசுவதுபோல் தாண்டி, கோட்டுக்குச் சற்று அப்பால் விழுந்தவை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். விரல் ராக்கெட் பிடியை எங்கே அழுத்துகிறது, மணிக்கட்டு எவ்வளவு குறைவாக அசைகிறது, இறகுப் பந்து ராக்கெட்டைத் தொடும் சத்தம் எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். கனவில் இந்த உணர்வுகளைத்தான் மறுபடி கூப்பிடப்போகிறீர்கள்.

பிறகு நோட்டில் ஒரே வாக்கியம்: 'கனவு என்று தெரிந்ததும், காலி கோர்ட்டில் பத்து ஷார்ட் சர்வீஸ்.' இரண்டு வாக்கியம் எழுதினால் இரண்டாவது மறந்துபோகும். கனவுக்குள் யோசித்துத் திட்டம் போட முடியாது. அங்கே நினைவுக்கு வரும் அளவே கொஞ்சம்.

படி 6: கனவுக்குள்

இது கனவு என்று தெரிந்த அடுத்த நொடியே சந்தோஷத்தில் விழித்துவிடுவது புதியவர்களுக்கு வழக்கம். அமைதியாக இருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேயுங்கள். சூடும் உராய்வும் தெரியும். பக்கத்துச் சுவரைத் தொடுங்கள், தரையின் சொரசொரப்பைக் காலால் உணருங்கள். காட்சி மங்கினால் நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே பொருளை உற்றுப் பார்க்காதீர்கள், பெரும்பாலும் விழிப்பு வந்துவிடும்.

முதல் சில தெளிகனவுகளில் பயிற்சி வேண்டாம் என்பது என் கருத்து. பறக்க ஆசை இருந்தால் பறந்துவிடுங்கள். அந்த ஆசை தீராமல் சர்வீஸ் போட நின்றால் பாதிக் கவனம் ஜன்னல் பக்கமே போகும்.

சரி, இப்போது பயிற்சி. ராக்கெட்டை எங்கே தேடுவது? பைக்குள் கை விட்டால் இருக்கும், கதவுக்குப் பின்னால் இருக்கும் என்று எதிர்பார்த்து எடுங்கள். எதிர்பார்ப்பதுதான் கனவில் பொருள் வரவழைக்கும் வழி. வெறும் காற்றில் தோன்றச் சொல்லிக் கட்டளை போட்டால் பல நேரம் வராது. கிடைக்கவே இல்லையென்றால் வெறும் கையால் அசைவைச் செய்யுங்கள். ராக்கெட் தேடியே கனவு முடிந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து வருவதுதான் உண்மையான சிக்கல்: கவனச்சிதறல். வட்டப் பலகையைக் குறிபார்த்துச் சின்ன அம்புகளை எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தை வைத்து மெலானி ஷேட்லிஹ் குழு 2017-ல் ஒரு தூக்க ஆய்வகச் சோதனை வெளியிட்டது. கனவில் தொந்தரவு குறைவாக இருந்து எறிந்து பழகியவர்கள் காலையில் முன்னேறினார்கள். தொந்தரவு அதிகம் இருந்தவர்கள் முன்னேறவில்லை. ஆட்கள் சிலரே, ஆனாலும் கனவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. நீங்கள் சர்வீஸுக்கு நிற்பீர்கள். பெரியம்மா வந்து சாப்பிட்டாயா என்பார். பந்து கோழிக்குஞ்சாக மாறி நடக்கும்.

இதற்குச் சில வழிகள் உண்டு. ஆட்கள் இல்லாத, மூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறக்கும் முன் 'அந்தப் பக்கம் காலி கோர்ட்' என்று நினைத்துத் திறங்கள். யாராவது பேசினால் வாதம் செய்யாதீர்கள். 'அப்புறம் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்புங்கள். பார்க்காத ஆள் கனவில் அதிக நேரம் தங்குவதில்லை. பந்து மாறிவிட்டால் அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். பந்தை மறந்து கட்டைவிரல் அழுத்தத்துக்கே திரும்புங்கள். பந்து எங்கே விழுந்தது என்பதற்கு அங்கே அர்த்தம் இல்லை, கை என்ன செய்தது என்பதற்குத்தான் அர்த்தம்.

பத்து போதும். எண்ணிக்கை தவறினால் தவறட்டும். கனவு இன்னும் தெளிவாக இருந்தாலும் பத்தோடு நிறுத்தி, விழிக்க முயலுங்கள். கண்ணைப் பலமுறை இறுக மூடித் திறப்பது பலருக்கு உதவுகிறது. தானாக அடுத்த கனவுக்கு நழுவவிட்டால் பயிற்சி செய்த நினைவும் கூடவே போய்விடும்.

படி 7: காலையில்

எழுதுங்கள்: எத்தனை போட்டீர்கள், என்ன தொந்தரவு, கையில் உணர்வு எப்படி இருந்தது. 'எழுந்துவிட்டேன்' என்று நினைத்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அதுவும் கனவாக இருப்பது உண்டு. எழுதும் முன் ஒருமுறை மூக்கைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு கோர்ட்டுக்குப் போய் அதே 20 சர்வீஸ், அதே எண்ணிக்கை. மாலையைவிடக் கூடியிருந்தால் உடனே கனவுக்குப் பாராட்டு கொடுத்துவிடாதீர்கள். தூக்கமே அசைவை மெருகேற்றும் என்று மேலே பார்த்தோம். தெளிகனவு எதுவும் வராத சாதாரண இரவுகளின் மறுநாள் எண்ணிக்கையையும் பல வாரம் எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் கதை நிறைய, கணக்குக் குறைவு.

வரக்கூடிய தொந்தரவுகள்

பின்னிரவில் எழுந்து மறுபடி தூங்கும்போது, விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் வரலாம். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதுதான். ரெம் தூக்கத்தின் தசை முடக்கம் விலகுவதற்குள் நினைவு மட்டும் முழித்துக்கொண்ட நிலை. பயங்கரமாகத்தான் இருக்கும், ஆனால் தானாகப் போய்விடும். மூச்சில் கவனம் வைத்து, விரல் நுனியை அல்லது கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் சிலருக்கு அடிக்கடி வருகிறது, ஒருக்களித்துப் படுங்கள்.

மூன்று மணிக்கு எழுந்தால் மறுபடி தூக்கம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வாரம் அலாரத்தை நிறுத்துங்கள். பகல் சோதனையும் நோட்டும் மட்டும் போதும். பகலில் தூக்கம் தள்ளினால், வண்டி ஓட்டும்போது கண் சொருகினால், மொத்தத்தையும் நிறுத்துங்கள்.

கண்ணில் ஒளி அடிக்கும் முகமூடிகளும் மாத்திரைகளும் விற்கிறார்கள். கேலன்டமைன் என்ற மருந்து தெளிகனவைக் கூட்டுவதாக ஆய்வு இருக்கிறது, உண்மைதான். அது அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மருந்து, இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. ஷார்ட் சர்வீஸுக்காக யாரும் அதை விழுங்க வேண்டிய அவசியம் இல்லை.

வரவே இல்லையென்றால்

ஜெர்மனியில் 840 விளையாட்டு வீரர்களிடம் எடுத்த கணக்கில் 57 சதவீதம் பேர் தெளிகனவு கண்டிருக்கிறார்கள். கண்டவர்களிலும் அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியவர்கள் 9 சதவீதம்தான். எனவே இரண்டு மாதம் முயன்றும் நடக்கவில்லை என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

அந்த 2016 சோதனையை மறுபடி பாருங்கள்: விழித்திருந்து மனதுக்குள் பழகியவர்களும் 12 சதவீதம் முன்னேறினார்கள். அதற்கு அலாரம் வேண்டாம், பேய் பயம் இல்லை, தூக்கம் ஒரு நிமிடம்கூடக் கெடாது. படுக்கையில் விளக்கை அணைத்தபின் கண்ணை மூடி, அதே காலி கோர்ட், அதே கட்டைவிரல் அழுத்தம், நெட்டை உரசிப் போகும் பந்து, பத்து சர்வீஸ். ஐந்தாவதிலேயே தூங்கிவிட்டால் அப்படியே தூங்குங்கள், மீதி ஐந்தை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.